கோணாத முகம்

அட்டை பாதி கிழிந்த ஒரு பாட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் விற்றது. உள்ளே படத்தின் பாட்டுகளும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும் கதைச் சுருக்கமும் இருக்கும். என் பிரதியில் ஆண்டு அச்சிட்ட மூலை போய்விட்டது. தாள் மெலிந்து பழுப்பாக இருப்பதால், காகிதத் தட்டுப்பாடு இருந்த போர்க்காலத்தை ஒட்டியது என்று ஊகிக்கிறேன். ஊகத்துக்கு மேல் சொல்ல ஆதாரமில்லை. மூன்றாம் பக்கத்தில் கதாநாயகியின் படம். அதன் கீழே ஒரு வரி: எந்த ஸ்தாயியில் பாடினாலும் முகத்தில் சிரமம் காட்டாதவர்.

அந்தக் கதாநாயகியின் வீட்டு மாடியில் நானும் என் மனைவியும் பல வருஷம் குடியிருந்தோம். திருத்தணி ரயில் நிலையத்தில் எனக்கு வேலை. மாற்றலாகி வந்த புதிதில் கிடைத்த வீடு அது. அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. கீழே தனியாக இருந்தார். தெருவில் அவருக்குப் பெயர் சினிமாக்காரம்மா. உண்மைப் பெயரை நான் எழுதவில்லை. அவர் மகள் வேண்டாம் என்றார்.

அவர் நடித்த படங்களில் ஆறை என்னால் உறுதிசெய்ய முடிந்தது. அவர் ஒன்பது என்பார். ஒன்றின் பிரதிகூட இன்று பார்க்கக் கிடைக்கவில்லை.

பிறந்தது அம்மையார்குப்பத்தில், தறிக்காரர் வீட்டில். பெண்ணுக்கு நல்ல குரல் என்று யாரோ சொல்லப்போய், அவருடைய நைனா அவரை ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டார். அங்கே பாட்டு வாத்தியார் பிள்ளைகளைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துப் பாடச் சொல்வார். அது புதிதல்ல, கச்சேரிக்காரர்களும் செய்கிற பழக்கம்தான். இந்த வாத்தியார் அதோடு நிற்கவில்லை. பிள்ளை மேல் ஸ்தாயியைப் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து, இடது மேற்கையில் நகம் பதியக் கிள்ளுவார். குரல் லேசாகப் பிசகினால்கூட மன்னிப்பு உண்டு. முகம் மாறினால் பாட்டை மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"பாட்டு தொண்டையில இருக்கணும் தம்பி, மூஞ்சியில இருக்கக் கூடாது" என்பார் சினிமாக்காரம்மா. வாத்தியார் சொன்னதா, அவரே கண்டுபிடித்ததா, தெரியாது. இடது கையில் ரவிக்கைக்குக் கீழே சின்னச் சின்னதாகக் கறுத்த தழும்புகள் இருந்தன.

சினிமாவுக்குப் போனபோது அந்தப் பயிற்சிதான் அவரைக் கதாநாயகி ஆக்கியது. அப்போது பின்னணிக் குரல் கிடையாது. நடிப்பவரே காமிரா முன்னால் பாட வேண்டும். தலைக்கு மேல் மைக் தொங்கும். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் மரத்துக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். பெரிய பெரிய பாடகர்கள் நல்ல குரலை வைத்துக்கொண்டு, சங்கதி போடும்போது முகம் அஷ்டகோணலாகி, அதனாலேயே வாய்ப்பை இழந்தார்கள். இவர் முகம் மட்டும் கோயில் சுவரில் மாட்டிய படம் மாதிரி அப்படியே இருக்கும்.

"நந்தவனத்துல ஒரு பாட்டு. தபலாக்காரரை எறும்புப் புத்து மேல உக்கார வச்சிட்டாங்க. பாட்டு முடியறவரைக்கும் அந்த மனுசன் ஒரு அடி தப்பல. நான் ஓரக்கண்ணால பாக்கறேன், மூஞ்சி போற போக்கு! அவருக்கு இன்னா, காமிரா அவர் மேல இல்லியே. எறும்பு எனக்கும்தான் ஏறுச்சு."

"நீங்க இன்னாம்மா பண்ணீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"நானா? நிலாவைப் பாத்து பாடிகினு இருந்தேன்."

இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் எதுவும் இல்லை. சிரித்தது நாங்கள்தான்.

பிறகு பின்னணிக் குரல் வந்தது. முதலில் அவருக்கு அவரே பாடினார்; பாட்டைத் தனியாகப் பதிந்துவிட்டுப் படப்பிடிப்பில் வாயசைத்தார். அடுத்து ரசிகர்களின் காது மெல்லிய குரல்களுக்குப் போனது. அவர் முகத்துக்கு வேறொரு பெண் பாடிய படம் ஒன்று வந்தது. அதுதான் கடைசி. ஸ்டூடியோவில் விளக்குப் பிரிவில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு பையன், ஒரு பெண். கணவர் சீக்கிரமே இறந்துபோக, ஆந்திராவில் இருந்த திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்ததற்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ, பிள்ளைகளோடு இங்கே வந்து அந்த வீட்டை வாங்கினார்.

தெருவில் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறவர்கள் குறைவு. பூக்காரி ஒரு நாள் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள். "அவங்களுக்கு இன்னாக்கா, போட்ட மேக்கப்பு இன்னும் கலையல. மன்சங்க மூஞ்சியா அது?"

ஒரு காலை. கீழே அவரும் என் மனைவியும் மணை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் வேலைக்குக் கிளம்பி இறங்குகிறேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பா, காபி நல்லா கீது. தம்பியை ஒரு ஆட்டோ பாக்கச் சொல்லு. தேள் கொட்டிடுச்சு."

என் மனைவி விளையாட்டு என்றே நினைத்தாள். மணையை நகர்த்தினால், அடியில் கருந்தேள். அதை அடித்து ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம். அங்கே இருந்த கம்பவுண்டர் அவரைப் பார்த்தார்.

"தேள் கொட்டுனவங்க இப்டியா குந்திகினு இருப்பாங்க? கூரையில கீற பூரான் எதுனா கடிச்சிருக்கும். சுண்ணாம்பு தடவுங்க, போங்க."

நான் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். "இத்த மொதல்லயே காட்டக் கூடாதா? ஏம்மா, உங்களுக்கு வலிக்கலியா?"

"உயிர் போவுது கண்ணு" என்றார். கோயில் பிரசாதம் வேண்டுமா என்று கேட்கிற முகம்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரம் முழுக்கக் காவடி. அலகு குத்திக்கொண்டவர்கள் கூட்டத்தோடு ஆடிக்கொண்டு போவார்கள். ஒரு வருஷம் அவரும் நாங்களும் தெருமுனையில் நின்று பார்த்தோம். கன்னத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்த வேலோடு ஓர் இளைஞன் எங்களைக் கடந்து போனான். அவர் அவன் போகும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தெரியல பாரு தம்பி அவன் மூஞ்சியில. அவன் உள்ள முருகன் கீறான். சாயங்காலம் அலகை எடுத்ததும் போயிடுவான். எனக்கு உள்ள வாத்தியாரு. அந்த ஆளு போவவே இல்ல."

அவர் தன்னைப் பற்றிக் குறையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மகள் பள்ளிப்பட்டில் இருந்தார். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் நாங்கள் குடிவந்த முதல் சில வருஷங்களில் அந்த மகள் தாயைப் பார்க்க வந்ததே இல்லை. பொங்கலுக்குத் தறியில் நெய்த புடவை ஒன்று யார் மூலமாவது வரும். இவர் அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பார்.

காரணத்தை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியவர். அவர் சொன்னதும் பிற்பாடு மகள் சொன்னதும் ஒத்துப்போவதால் இதை நடந்தது என்றே எழுதுகிறேன்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. மூளைக்காய்ச்சல் வந்து, வேலூருக்குக் கொண்டுபோகும் முன்னாலேயே இறந்துவிட்டான். வீடு நிறையப் பெண்கள். ஒப்பாரி வைக்க உட்கார்ந்தார்கள். ஒரு கிழவி, "நீ பாடறவளாச்சேம்மா, உன் புள்ளைக்கு நீ பாடாம யாரு பாடுவா" என்றிருக்கிறாள். இவர் பையனின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினார். அவன் பிறந்ததிலிருந்து அவனைப் பற்றித் தோன்றியதையெல்லாம் கட்டிக் கட்டிப் பாடினார். தெருக்கோடி வரை கேட்டது. பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கையை நிறுத்திவிட்டு அழுதார்கள். பெரியவர் இதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

"ஆனா தம்பி, குரல்தான் அழுதுச்சு. மூஞ்சி அப்டியே இருந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எங்களுக்கெல்லாம் பயமாப் போச்சு."

எட்டு வயதுப் பெண் தாயின் எதிரே உட்கார்ந்து பாட்டு முழுவதும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு தாய் பாடவில்லை. மகளும் தாயோடு அவசியத்துக்கு மேல் பேசவில்லை.

வேலூரிலிருந்து பழைய இசைத்தட்டுகள் சேர்க்கும் ஒருவர், இவருடைய பாட்டு ஒன்றை டேப்பில் பதிந்து கொண்டுவந்து போட்டுக்காட்டியதும் நினைவிருக்கிறது. நாங்கள் எல்லோரும் கேட்டோம். அனுபல்லவியில் குரல் மேலே ஏறுகிற இடம் வந்தபோது, அவருடைய வலது கை தானாகப் போய் இடது மேற்கையைப் பொத்திக்கொண்டது. வந்தவர் கவனிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லாத்தான் பாடியிருக்கு அந்தப் பொண்ணு" என்றார் இவர்.

பேத்தியின் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க மகள் வருவதாகச் செய்தி வந்தது. மகளின் மாமியார் வற்புறுத்தியிருக்கிறார்: பெற்றவளுக்கு நேரில் போய்த் தாம்பூலம் வைக்காமல் கல்யாணம் நடத்தினால் ஊர் சிரிக்கும் என்று.

அந்த வாரத்தில் ஒரு முற்பகல், என் மனைவி மாடியிலிருந்து குழம்பு கொண்டுபோனாள். கதவு சாத்தியிருக்கவில்லை. பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் புருவங்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் உதட்டு ஓரங்களைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். கையை எடுத்ததும் முகம் பழைய இடத்துக்கே போய்விட்டது. மறுபடி இழுத்தார். பக்கவாதம் வந்துவிட்டது என்று பயந்து என் மனைவி கத்திவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல பாப்பா. அழுவப் பழகிகினு இருக்கேன்."

என் மனைவி குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு வருது இல்ல. அவ அண்ணனைப் பத்திப் பேசணும். நான் அழுதா அவ பாக்கணும். உள்ள வருது பாப்பா, தொண்டைவரைக்கும் வருது. அதுக்கு மேல ஏற மாட்டேங்குது." பிறகு ரொம்பக் கவனமாகக் கேட்டாராம்: "உனக்கு அழுவை வந்தா மொதல்ல எங்க இழுக்கும்? புருவமா, தாவாக்கட்டையா?"

"யாரும்மா அதையெல்லாம் பாத்துகினு அழுவாங்க?"

"உங்கம்மா செத்த சேதி வந்தப்ப நான் பாத்தேன் உன்னை. தாவாக்கட்டைதான் மொதல்ல. அப்புறம் மூக்கு. புருவம் கடைசி."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை.

மகள் வந்த அன்று, காபி கொடுக்க ஆள் வேண்டும் என்று எங்களையும் கீழே கூப்பிட்டிருந்தார். மகளுக்கு அப்போதே தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. தட்டில் பழம், வெற்றிலை, பத்திரிகை வைத்துக் கொடுத்தார். "வந்துடும்மா" என்றார். அவ்வளவுதான். எழுந்திருக்கப் போனவரின் கையை இவர் பிடித்தார்.

"இரு. உங்க அண்ணன் இருந்தா இன்னிக்கு தாய்மாமன் சீரு அவன்தானே எடுத்துகினு வந்திருப்பான்."

அந்த வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு எழுந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்க வேண்டும். மகள் அப்படியே நின்றார். இவர் முகத்தில் தாவாய் நடுங்கியது. மூக்கு விடைத்தது. கடைசியாகப் புருவங்கள் நெருங்கின. ஒவ்வொன்றாக, வரிசையாக. கண்ணில் மட்டும் தண்ணீர் இல்லை.

மகள் கையை உதறினார்.

"நடிக்காதம்மா. அன்னிக்கு வராதது இன்னிக்கு எங்கருந்து வருது? என் புள்ள கல்யாணத்துக்கு அழைக்க வந்தா, என்கிட்டியே படம் காட்டறியா?"

இவருடைய முகம் பழையபடி ஆனது. அது எவ்வளவு வேகமாக ஆனது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"காபி ஆறுது. குடிச்சிட்டுப் போ" என்றார்.

கல்யாணத்துக்கு அவர் போனார். நாங்களும் போனோம். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பேத்திக்கு அட்சதை போட்டுவிட்டு வந்தார். பந்தி முடிந்தபின் மகளைத் தனியாகப் பார்த்து நாடகக் கம்பெனியையும் கண்ணாடியையும் கிள்ளலையும் பற்றிச் சொன்னேன். பத்திரிகை வைத்த அன்று பார்த்தது நடிப்பல்ல, அதற்கு நேர் எதிர் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதாங்க அது? சின்னதுல அந்தத் தழும்பைத் தடவிகினுதான் தூங்குவேன். அதெல்லாம் சினிமாவுக்குங்க. பெத்த புள்ளைக்குமா?"



அடுத்த வருஷம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. டாக்டரிடம் நான் கூட்டிப்போனேன். டாக்டர் வயிற்றை அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்றார். "ஆங், வலிக்குது" என்றார் இவர். அழுத்துகிற கை அவர் முகத்தைப் பார்த்துத்தான் நகர்ந்தது. வாயுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இந்த அம்மாவுக்கு வலி முகத்தில் தெரியாது சார் என்று நான் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேறு ஓரிடத்தில் ஸ்கேன் எடுக்கும்போது நோய் முற்றிப்போயிருந்தது. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று அங்கே கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் மகள் வந்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. என் மனைவி போன் செய்ததும் கிளம்பி வந்தார். காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு அதிகம் இல்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. நீ சாப்டியா?"

இரண்டாம் நாள் மத்தியானம், மாற்றுப்புடவை எடுத்துவர மகள் பள்ளிப்பட்டுக்குப் போனார். நான் வேலையில் இருந்தேன். என் மனைவி கேன்டீனுக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் அவர் இறந்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலை விற்கும் பெண். அவர் எங்களிடம் சொன்னது: "எம்பொண்ணு எங்கனு கேட்டாங்க. தோ வந்துருவாங்கன்னேன். அப்புறம் மூஞ்சி ஒரு மாதிரி கோணிச்சு. கொயந்தைங்க அழுவுமே, அந்த மாதிரி. கண்ணுல தண்ணி கொட்டுச்சு. நான் நர்சம்மாவைக் கூப்டேன்."

பள்ளிப்பட்டிலிருந்து திரும்பியிருந்த மகள் அதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

அந்த வார்டின் ஆயா வேறு மாதிரி சொன்னார். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது; அந்தக் கண்ணுக்கு வேளைக்கு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். கொஞ்ச நேரம் முன்னால்தான் விட்டேன், அதுதான் வழிந்திருக்கும் என்றார். முகம் கோணியது? "உயிர் போற நேரத்துல எல்லாருக்கும் இழுக்கும்ங்க."

சொட்டு மருந்து விட்டது அதற்கு எவ்வளவு முன்னால் என்று ஆயாவால் சொல்ல முடியவில்லை. கடலைக்காரப் பெண்ணை மறுபடி இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவை இரண்டு கண்ணிலும் தண்ணீர் என்றார். அடுத்த தடவை, தன் பக்கம் தெரிந்தது ஒரு கண்தான் என்றார். மருந்து விட வேண்டியதும் ஒரு கண்ணுக்குத்தான். அவர் பார்த்தது அந்தக் கண்ணைத்தானா என்பதில் அவருக்கும் ஆயாவுக்கும் ஒத்துப்போகவில்லை. கூப்பிட்டதும் வந்த நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டார். ஆரணி என்றார்கள். ஆரணியில் விசாரித்தேன், இல்லை.

இதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் மனைவி இப்போது இல்லை. மகளுக்கும் எழுபது தாண்டிவிட்டது. பேரன் பழக்கிக் கொடுத்த செல்போனில் எப்போதாவது கூப்பிடுவார். போன மாதமும் கூப்பிட்டார். உடம்பு, மழை, மலைமேல் கூட்டம் எல்லாம் விசாரித்த பிறகு கேட்டார்.

"அந்த நர்சம்மாவைப் பத்தி எதுனா தெரிஞ்சுதாங்க?"

"இன்னும் இல்லம்மா."

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க? அழுதிருப்பாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்ப மாட்டார், நம்பியதுபோல் காட்டிக்கொள்வார். அவருக்கு வேண்டியது என் நினைப்பு அல்ல. தேடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"ஆங், தேடுங்க" என்றார்.

அந்த நர்ஸ் போளூரில் ஓய்வு பெற்றதாக அதற்குப் பின் ஒரு தகவல் வந்திருக்கிறது. இன்னும் போய்ப் பார்க்கவில்லை. கடைசி நேரத்தில் சினிமாக்காரம்மா அழுதாரா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதியாகவில்லை.